எட்டுச் சொல்லுக்கும் ஒரே பொருளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆங்கிலச் சொல்வளப் பகுதியில் எராடிகேட், எலிமினேட், எக்ஸ்டெர்மினேட், அனயலேட், ஒப்லிட்டரேட், அபாலிஷ், டெமாலிஷ், டெசிமேட் என்ற எட்டு வினைகளுக்கும் ‘முற்றிலும் அழி’ என்று ஒரே பொருள் போட்டிருந்தீர்கள். மனப்பாடத்துக்கு வசதிதான், எழுத உட்கார்ந்தால் காலை வாரிவிடும். எவ்வளவு அழிகிறது என்பதைவிட, எது அழிகிறது என்பதுதான் இவற்றைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டுகிறது.

அபாலிஷ் என்பது சட்டம், வழக்கம், வரி, பதவி ஆகியவற்றுக்கு உரியது. அடிமைமுறையை ஒழிக்க 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே இந்தச் சொல் உண்டு. கொசுவையோ சுவரையோ அபாலிஷ் செய்ய முடியாது. சுவருக்கு டெமாலிஷ். ஊரையே தரைமட்டமாக்கினால் ரேஸ் (raze). சவரக் கத்தியான ரேஸரும் இதுவும் ‘சுரண்டு’ என்னும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. ‘எழுப்பு’ என்று பொருள்படும் இன்னொரு ரேஸும் (raise) ஒலியில் இதேதான். காதால் கேட்டு எழுதுபவர் இடித்த கட்டடத்தை எழுப்பிவிடுவார், கவனம். எக்ஸ்டெர்மினேட் உயிருள்ள கூட்டத்துக்கு: எலி, கரையான். ஒரே ஓர் எலியை அடித்தால் கில் போதும். ஒப்லிட்டரேட்டுக்குள் ‘எழுத்து’ என்ற லத்தீன் சொல் இருக்கிறது. மணலில் பதிந்த காலடியை அலை வந்து அழிப்பதுபோல், தடமே தெரியாமல் போவதற்கு அது.

அதிகம் குழப்புவது எராடிகேட்டும் எலிமினேட்டும்தான். முன்னதில் இருப்பது வேர்; நம் ‘வேரறு’ அச்சாக அதே கற்பனை. பின்னதில் இருப்பது வாசற்படி. படிக்கு வெளியே தள்ளியது திரும்பியும் வரலாம். போட்டியில் எலிமினேட் ஆனவர் உயிரோடுதானே வீட்டுக்குப் போகிறார்! நோய்த் தடுப்புத் துறை இந்த வேறுபாட்டைக் கறாராகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாட்டிலோ வட்டாரத்திலோ புதிய தொற்று இல்லை என்றானால் எலிமினேஷன். தடுப்பு வேலையை நிறுத்த முடியாது. உலகெங்கும் நிரந்தரமாக இல்லாமல் போனால்தான் எராடிகேஷன். இந்த நிலையை எட்டியதாக அறிவிக்கப்பட்டவை இரண்டே: 1980இல் பெரியம்மை, 2011இல் மாடுகளின் வெக்கை நோய். கிருமியே எங்கும் மிஞ்சாத நிலைக்கு எக்ஸ்டிங்ஷன் என்று தனிப் பெயர். அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் ஒவ்வோர் ஆய்வகத்தில் வைரஸ் இருப்பில் உள்ளதால் பெரியம்மை அந்த நிலையை இன்னும் எட்டவில்லை.

தொழுநோய் விஷயத்தில் இன்னொரு வம்பு. ‘பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில்’ எலிமினேஷன் என்றால், 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்று மட்டுமே பொருள். அந்த அடைமொழியை வெட்டிவிட்டு ‘தொழுநோய் ஒழிந்தது’ என்று தலைப்பிட்டால் செய்தியே பொய்யாகிறது. எலிமினேஷனுக்கு ‘அகற்றல்’, எராடிகேஷனுக்கு மட்டும் ‘ஒழிப்பு’ என்று வைத்துக்கொண்டால் என்ன?

டெசிமேட் பட்டியலில் இடம்பெற்றிருக்கவே கூடாது. ரோமப் படையில் பத்துப் பேருக்கு ஒருவரைக் கொல்லும் தண்டனை அது. இன்று பெரும்பகுதி அழிவதைக் குறிக்கிறது, மிச்சம் இருக்கும். அதனோடு கம்ப்ளீட்லி சேர்த்தால் உறுத்தும். அனயலேட்டுக்கோ கம்ப்ளீட்லி தேவையே இல்லை, ‘ஒன்றுமில்லை’ என்பது அதன் வேரிலேயே இருக்கிறது.

அவுட் சேரும் வினைகளை நீங்கள் தொடவே இல்லை. பேச்சில் அவைதான் அதிகம். மேசையை வைப் (wipe) செய்தால் தூசு போகும், மேசை இருக்கும். வெள்ளம் ஊரை வைப் அவுட் செய்தால் ஊரே இருக்காது. ‘துடை’யைத் ‘துடைத்தெறி’ ஆக்கும் நம் ‘எறி’யின் வேலையை அங்கே அவுட் செய்கிறது. வீட் அவுட் (weed out) மட்டும் வேறு ரகம். களை போக வேண்டும், பயிர் நிற்க வேண்டும். ஆகவே ‘களையெடு’தான், ‘அழி’ அல்ல.

திருத்திய பட்டியல் வெளியிடுவதானால் பொருளுக்குப் பக்கத்தில் ‘எதை?’ என்று ஒரு கட்டம் சேருங்கள். டெசிமேட்டை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்