மின்னோட்டவியலை வெறும் கணக்காக்கி விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு வரும் மாதிரி வினா விடைகளை விடாமல் படிக்கிறவன் நான். மின்னோட்டவியல் பாடத்துக்கு வந்த பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். விடைகளில் தப்பு எதுவும் இல்லை, எல்லாம் சரிதான். ஆனால் பக்கம் முழுக்க சூத்திரம், அதில் எண்ணைப் போடு, விடை எழுது, இவ்வளவுதான் இருந்தது. கரண்ட் என்ன செய்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன், வயரிங் வேலையும் பார்க்கிறேன். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அறிவியல் கண்காட்சி வந்துவிட்டால் பிள்ளைகள் வயர், ஹோல்டர், சுவிட்ச் கேட்டு வந்து நிற்பார்கள். அவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 2 ஓம், 3 ஓம் இரண்டையும் பக்க இணைப்பில், அதாவது கரண்டுக்கு ஆளுக்கொரு தனி வழியாகப் போட்டால் தொகுபயன் மின்தடை எவ்வளவு என்றால் கடகடவென்று போட்டுவிடுவார்கள், சிலர் மட்டும் கடைசியில் தலைகீழாக்க மறந்து 5/6 என்று நிறுத்திவிடுவார்கள். சரி, இரண்டு தடை போட்டும் மொத்தத் தடை ஏன் குறைந்தது என்று கேட்டால் பதில் வராது. 6 வோல்ட் பேட்டரி வைத்துக்கொள் என்று சொல்லிப் பாருங்கள். பக்க இணைப்பில் இரண்டு தடைக்கும் அதே 6 வோல்ட்தான். 2 ஓமில் 3 ஆம்பியர் போகும், 3 ஓமில் 2 ஆம்பியர் போகும், பேட்டரியிலிருந்து மொத்தம் 5 ஆம்பியர் வருகிறது. 6-ஐ 5-ஆல் வகுத்தால் 1.2 ஓம். தலைகீழ்ச் சூத்திரமே வேண்டாம், போக ஒரு வழி இருந்த இடத்தில் இரண்டு வழி ஆனதால் கூடுதலாகப் போகிறது என்று அதுவாகவே புரிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் செருகினால் வயர் ஏன் சூடாகிறது என்பதும் இதே கணக்குதான். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும், 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர், இரண்டையும் சேர்த்து மெல்லிய வயர் போட்ட ஒரு பெட்டியில் செருகுகிறார்கள்.

இன்னொரு தவறான எண்ணம் இதைவிட ஆழமாக வேர் விட்டிருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் கோர்க்கும் தொடர் இணைப்பில் முதல் பல்பு கொஞ்சம் கரண்டைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்த பல்புக்குப் போகும் என்று நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே நம்புகிறார்கள். கரண்ட் எங்கும் தீர்ந்துபோவதில்லை. உள்ளே போன ஆம்பியர் அப்படியே வெளியே வரும், பல்பில் செலவாவது ஆற்றல். தொட்டித் தண்ணீரை வைத்து விளக்கும் பழக்கமும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். குழாயை அறுத்தால் தண்ணீர் கொட்டும், வயரை அறுத்தால் ஒன்றும் கொட்டாது, ஓட்டமே நின்றுவிடும். சுற்று முழுசாக இருந்தால்தான் ஓட்டம் என்ற முதல் விஷயமே அந்த உதாரணத்தில் மறைந்துபோகிறது.

இதற்கு ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பொருள் ஒன்று இருக்கிறது, சீரியல் செட். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் தொங்குகிறதே, அதுதான். பழைய குட்டி பல்பு செட்டில் 6 வோல்ட் பல்பு என்றால் ஒரு வரிசைக்கு 40 பல்பு அளவில் இருக்கும். 230-ஐ 40-ஆல் வகுத்தால் ஆளுக்கு 5.75 வோல்ட். ஒரு பல்பு போனால் அந்த வரிசை முழுக்க அணைந்துவிடும். அப்படியும் செட்டில் பாதி எரிகிறதே என்றால், உள்ளே இரண்டு மூன்று தொடர் வரிசைகள் பக்க இணைப்பில் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். புத்தகத்தில் தொடரும் பக்கமும் கலந்த சுற்று என்று ஒரு படம் போட்டுப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்களே, அது தலைக்கு மேலேயே தொங்குகிறது. பந்தல்காரர்கள் போன பல்பைப் பிடுங்கிவிட்டு வயரை முறுக்கி விடுவார்கள், செட் மறுபடி எரியும். அப்படியே பத்து பல்பைப் பிடுங்கினால் மீதி 30 பல்புக்கும் தலைக்கு 7.7 வோல்ட் வரும், பளிச்சென்று எரிந்து சீக்கிரமே ஒவ்வொன்றாகப் போகும். தேர்வில் கேட்க இதைவிட நல்ல கணக்கு உண்டா?

எங்கள் தொழிலில் சீரிஸ் போர்டு என்று ஒன்று வைத்திருப்போம். ஒரு 100 வாட் குண்டு பல்பும் ஒரு பிளக் பாயிண்ட்டும் தொடர் இணைப்பில் இருக்கும் பலகை. ரிப்பேருக்கு வந்த மிக்ஸியை அதில் செருகுவோம். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் மிக்ஸி உள்ளே ஷார்ட், 230 வோல்ட்டும் பல்பின் மேலேயே விழுகிறது. பல்பு எரியவே இல்லை என்றால் காயில் எங்கோ அறுந்திருக்கிறது. மங்கலாக எரிந்து மோட்டார் மெதுவாகச் சுற்றினால் பெரிய கோளாறு இல்லை. மிக்ஸி எவ்வளவு மோசமான ஷார்ட்டில் இருந்தாலும் அந்தப் பல்பு 0.43 ஆம்பியருக்கு மேல் விடாது, அதனால் கடை ஃபியூஸ் போகாது. தொடர் இணைப்பில் மின்னழுத்தம் பிரிகிறது, மின்னோட்டம் ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இது 230 வோல்ட் சமாச்சாரம், பிள்ளைகள் பார்க்கலாம், தொடக் கூடாது.

அப்புறம் ஓம் விதி, மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும் என்பது. அதில் ‘மாறா வெப்பநிலையில்’ என்று ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை வரும், மனப்பாடம் செய்கிறவர்கள் முதலில் விழுங்குவது அதைத்தான். உங்கள் பக்கத்திலும் அது விடுபட்டிருந்தது. 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பின் தடை எவ்வளவு என்றால் கணக்குப்படி 529 ஓம். அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 50 ஓம்கூடக் காட்டாது. மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். மீட்டர் சரி, கணக்கும் சரி. எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் போகிறது, தடை பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது. சுவிட்ச் போட்ட அந்த நொடியில் பல்பு அடிக்கடி போவதும் இதனால்தான், ஆறிக் கிடக்கும் இழையில் முதல் கணம் கரண்ட் பல மடங்கு பாய்கிறது. இந்த ஒரு நிபந்தனைக்குள் இவ்வளவு இருக்கிறது, அதைப் போய் விட்டுவிட்டீர்களே.

ஷாக் விஷயமும் ஓம் விதிதான். டெஸ்டரை ஃபேஸில் வைத்து, அதன் தலையில் விரலை வைக்கிறோம், கரண்ட் நம் உடம்பு வழியாகவேதான் தரைக்குப் போகிறது, ஆனால் ஒன்றும் ஆவதில்லை. டெஸ்டருக்குள் பத்து லட்சம் ஓம் அளவில் ஒரு தடை இருக்கிறது, 230 வோல்ட்டில் அது ஒரு மில்லிஆம்பியரில் கால் பங்குக்குக் கீழேதான் விடும். ஈரக் கையோடு நேராகத் தொட்டால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம், அப்போது போவது 230 மில்லிஆம்பியர், அது உயிரை எடுக்கிற அளவு. வோல்ட் அதே வோல்ட்தான். கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுகிற சுவிட்சான எம்.சி.பி. இருக்கிறது, பயமில்லை என்று வீட்டில் பெரியவர்களே சொல்கிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு கால் ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை, அது வயரைக் காப்பாற்றுகிற பொருள். ஆளைக் காப்பாற்ற, கரண்ட் வெளியே கசிந்தால் 30 மில்லிஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் வேண்டும். இதை ஒரு கேள்வியாகப் போட்டால் மாணவனோடு சேர்ந்து அவன் அப்பாவும் படிப்பார். ஃபியூஸ் கட்டையில் செம்புக் கம்பி முறுக்குகிற பழக்கத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு கணக்கைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் வீட்டில் செய்து பார்க்கிற மாதிரி ஒரு சுற்று போடுங்கள், பேட்டரியில் மட்டும். டார்ச் பல்பு இப்போது கடையில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது, அதனால் எல்.இ.டி.யே நல்லது. 9 வோல்ட் பேட்டரி ஒன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று. எல்.இ.டி. தனக்கு 2 வோல்ட் அளவில் எடுத்துக்கொள்ளும், மீதி 7 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் போக 350 ஓம் வேண்டும். கடையில் அந்த அளவு கிடைக்காது, 330 ஓம் கேட்டால் கொடுப்பார்கள், அதில் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்று பட்டை இருக்கும். அதை எடுத்துவிட்டு 1000 ஓம் போட்டால் வெளிச்சம் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தடை இல்லாமல் நேராகக் கொடுத்தால் எல்.இ.டி. போய்விடும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். யாராவது ஒரு பிள்ளை எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டுவிட்டு ஏன் எரியவில்லை என்று கேட்டு எழுதினால், அதெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் வரும் என்று சொல்லாமல் அடுத்த வாரமே பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒரு வாசகர்,
திண்டுக்கல்.