கனோசாவின் பனியோடு நிறுத்திவிடாதீர்கள்

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், பங்கு இதழ்களில் புனிதர் வரலாறு எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

மே 25 வந்தால் திருத்தந்தை புனித ஏழாம் கிரகோரியைப் பற்றி நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான். 1077 ஜனவரியில் வட இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி மூன்று நாள் வெறுங்காலோடு பனியில் நின்றார், திருத்தந்தை மன்னித்தார், அவ்வளவுதான். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள், சரி. ஆனால் சண்டை எதற்கு என்று யாருக்கும் தெரியாமலே வகுப்பு முடிந்துவிடுகிறது.

அன்று ஆயர் என்றால் நிலமும் வரியும் போர்வீரர்களும் கையில் உள்ளவர். அதனால் மன்னரே தமக்கு வேண்டியவரிடம் ஆயர் பதவியின் அடையாளமான மோதிரத்தையும் கோலையும் கொடுத்து ஆயராக்கினார். பணம் கைமாறுவதும் சகஜம். 1075-இல் மிலான் பேராயர் பதவிக்கு ஹென்றி தம் ஆளை நியமித்தபோதுதான் பகை முற்றியது. "இப்போது திருத்தந்தை அல்ல, போலித் துறவி" என்று கிரகோரியை விளித்து ஹென்றி கடிதம் எழுதினார். கிரகோரி அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். அந்த விலக்கை நீக்கக் கேட்டுத்தான் ஹென்றி கனோசாவின் பனியில் நின்றார்.

குருக்களின் திருமணத்தையும் தவிர்க்காதீர்கள். குருவின் மகனுக்குக் கோயில் சொத்து போய்ச் சேர்வது அன்று பெரிய தலைவலி. 1074 தவக்காலச் சங்கத்தில் கிரகோரி கடுமையாகத் தடை விதித்தார். அதை ஜெர்மனியின் பாசாவ் நகரில் அறிவித்த ஆயர் அல்ட்மானைச் சொந்தக் குருக்களே தாக்கினார்கள். தடையை மீறும் குருக்களின் திருப்பலிக்குப் போகாதீர்கள் என்று பொதுநிலையினரிடமே கிரகோரி சொன்னார். இது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் அந்தக் குருக்களின் மனைவி மக்கள் தெருவுக்கு வந்ததைப் பற்றி நம் புனிதர் வரலாறுகளில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

இன்னொன்று. திருத்தந்தையைக் கர்தினால் ஆயர்களே முன்னின்று தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1059-இல் விதி வகுத்தது ஹில்டெபிராண்டின் சீர்திருத்தக் குழுதான். கிரகோரியின் இயற்பெயர் அது. 1073 ஏப்ரல் 22-இல், இரண்டாம் அலெக்சாண்டரின் அடக்கத்தின்போது, கூட்டம் "ஹில்டெபிராண்ட்" என்று கத்தி அவரைத் திருத்தந்தையாக்கியது. விதி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது!

கனோசாவுக்கு அப்புறம்? 1080-இல் கிரகோரி மறுபடி ஹென்றியை விலக்கினார். 1084-இல் ஹென்றி உரோமைக்குள் புகுந்து, கிரகோரிக்குப் போட்டியாக ஓர் எதிர்-திருத்தந்தையை அமர்த்தினார். கிரகோரியை மீட்க தென் இத்தாலியிலிருந்து வந்த நார்மானியப் படை நகரையே சூறையாடியது. மக்களின் கோபத்துக்கு நடுவே அந்தப் படையோடு வெளியேறியவர், 1085 மே 25-இல் தென் இத்தாலியின் சலேர்னோவில் இறந்தார்.

"அப்போ யார்தான் ஜெயிச்சது?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அவசரப்பட்டு கிரகோரி என்று சொல்லிவிடாதீர்கள். அவர் இறந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு, 1122-இல், வோர்ம்ஸ் உடன்படிக்கையில் ஹென்றியின் மகனான பேரரசர் ஐந்தாம் ஹென்றி மோதிரத்தையும் கோலையும் விட்டுக்கொடுத்தார். நிலத்தைச் செங்கோலால் வழங்கும் உரிமையை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

அன்புடன்,
ஒரு பொதுநிலையினர்