ஒதுக்குப்புற லயமும் திறந்த கதவும்

அன்பு மச்சான்,

லினக்ஸ் போட்டால் கடைக்குப் பாதுகாப்புதானே என்று தீபாவளிக்கு முன்னால் நீ கேட்டதற்குப் பொங்கல் கழிந்துதான் பதில் எழுதுகிறேன், கோவிக்காதே. அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? பதுளையில் எல்லோரும் நலம்.

கடையில் உள்ள ஆறு கம்பியூட்டரையும் விண்டோஸிலிருந்து லினக்ஸ் வகை சிஸ்டமான லினக்ஸ் மிண்டுக்கு மாற்றிவிட்டாய் என்று மாஸ்டர் சொன்னார். நல்ல காரியம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, உன் பழைய மெஷின்கள் 11ஐத் தாங்காது. ஆனால் "ஊரில் யாரும் பாவிக்காத சிஸ்டம், இனி எவன் வந்து ஹெக் பண்ணுவான்" என்றாயாமே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தோட்டத்து ஒதுக்குப்புற லய வீட்டுக்குக் கள்ளன் மலையேறி வரமாட்டான் என்கிற கணக்கு அது. ஹெக் பண்ணுகிறவன் ஏறி வருவதில்லை மச்சான். அவனுடைய புரோகிராம் இருந்த இடத்திலிருந்தே இன்டர்நெட்டில் உள்ள கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறது. திறந்தால் உள்ளே, இல்லையென்றால் அடுத்த கதவு. தலவாக்கலையா டோக்கியோவா என்று அது பார்ப்பதில்லை.

விண்டோஸுக்கென்று எழுதிய வைரஸ் மிண்டில் ஓடாது, அந்த அளவுக்கு உனக்கு ஆறுதல் உண்டு. ஆனால் லினக்ஸ் அரிய சரக்கு இல்லை. சேர்வர்களில் பெரும்பாலானவையும் அன்ட்ரொய்ட் போன்களும் அதில்தான் ஓடுகின்றன. உன் ரவுட்டருக்குள்ளும் கல்லாவுக்கு மேல் இருக்கிற கெமரா பெட்டிக்குள்ளும் அநேகமாக அதேதான். 2016இல் மிராய் என்று ஒரு கெட்ட புரோகிராம் பரவியதே, அது புகுந்தது இப்படிப்பட்ட பெட்டிகளில்தான். கம்பனி போட்டு அனுப்பிய 'அட்மின், அட்மின்' மாதிரி அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகளைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து பெட்டிக்குள் நுழைகிற டெல்நெட் வழியாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. கரண்டை நிறுத்திப் போட்டால் மிராய் அழிந்துவிடும், ஏனென்றால் அது மெமரியில் மட்டுமே இருந்தது. பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்து குந்திக்கொள்ளும்.

ஆப்பிளின் மெக் கம்பியூட்டர் பாவித்தவர்களும் உன்னைப் போலத்தான் நம்பினார்கள். 2012இல் பிளாஷ்பேக் என்ற கெட்ட புரோகிராம் ஆறு இலட்சம் மெக்குகளில் புகுந்தது. அது புகுந்த வழி ஜாவா என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை. அதை ஜாவாவின் கம்பனியான ஒரக்கிள் பெப்ரவரியிலேயே அடைத்துவிட்டது, ஆப்பிள் தன் ஆட்களுக்கு அந்தத் திருத்தத்தைக் கொடுத்தது ஏப்ரலில். இடைப்பட்ட அந்த வாரங்கள்தான் வினை.

கட்டையன் ஹைக்கு என்ற அரிய சிஸ்டத்தைப் போடச் சொல்கிறானாம். அதற்கு வைரஸ் எழுத யாரும் மெனக்கெடவில்லை, உண்மை. ஆனால் அதில் ஒரே பயனர்தான், எல்லா உரிமையும் அவருக்கே. ஒரு புரோகிராம் கெட்டால் முழு மெஷினும் போச்சு. வந்து போகிறவர்கள் உட்காரும் கொமியுனிகேஷன் கடைக்கு அது வேண்டவே வேண்டாம். ஓபன்பிஎஸ்டி என்ற சிஸ்டமும் அரிதானதுதான், அதை நம்பலாம். ஆட்கள் உட்கார்ந்து அதன் புரோகிராமை வரிவரியாகச் சலிக்கிறார்கள், தேவையில்லாத சேவைகளை மூடியே தருகிறார்கள். அரிதாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது உன் கடைக்கு வருகிறேன். மிண்டில் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற ஃபயர்வால் இருக்கிறது, ஆனால் ஓஃப் பண்ணித்தான் வரும். மெனுவில் அதைத் திறந்து ஸ்டேட்டஸை ஓன் பண்ணி, இன்கமிங்கை 'டினை' என்று விடு. அப்டேட் மேனேஜரின் பிரெபரன்ஸில் ஓட்டோமேஷனுக்குப் போய் அப்டேட்டுகள் தானாக ஏறும்படி செய். வாடிக்கையாளரை உன் கணக்கில் உட்கார வைக்காதே. லொகின் விண்டோ அமைப்பில் கெஸ்ட் செஷனை, அதாவது விருந்தாளிக் கணக்கை, அனுமதி, அவர்கள் வெளியேறியதும் அவர்கள் வைத்ததெல்லாம் அழிந்துவிடும்.

இன்ஸ்டோல் ஃபைலை எங்கிருந்து எடுத்தாய்? 2016 பெப்ரவரி 20இல் மிண்டின் சொந்த சைட்டிலேயே புகுந்து, மிண்ட் 17.3இன் சினமன் பதிப்புக்கான டவுன்லோட் லிங்கைக் கள்ள ஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள். அடுத்த முறை ஃபைல் மாறியிருக்கிறதா என்று காட்டுகிற 'ஷா256சம்' கட்டளையை ஓட்டி, வருகிற 64 எழுத்தை மிண்ட் சைட்டில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார். அந்த எழுத்துகளும் அதே சைட்டில்தான் இருக்கும், கள்ளன் அவற்றையும் மாற்றலாம். அதனால் மிண்ட் ஆட்கள் போட்ட டிஜிட்டல் கையொப்பத்தையும் ஜிபிஜி என்ற புரோகிராமில் சரிபார்.

கெமராவை வீட்டிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து வரும் வழி, திறந்து வைத்திருக்கிறாய் அல்லவா? அதை இன்றைக்கே மூடு மச்சான். பெட்டிகள் தாங்களே போர்ட் திறக்க விடுகிற யூபிஎன்பி வசதியையும் ரவுட்டரில் நிறுத்து, இல்லாவிட்டால் கெமரா தானே மறுபடி திறந்துகொள்ளும். பேஸ்புக் பாஸ்வேர்டைப் போலிப் பக்கத்தில் அடித்துக் கொடுத்தால் எந்த சிஸ்டமும் காப்பாற்றாது, அக்காவுக்கு இரண்டு படி சரிபார்ப்பைப் போட்டுக் கொடு.

ரவுட்டருக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மொடல் நம்பரைப் பார்த்து எழுது, அதற்கு அப்டேட் இன்னும் வருகிறதா என்று தேடிச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பதுளை மச்சான்