பழைய இதழ்களைக் காதல் கதை எழுதுவோருக்கும் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் பழைய பக்கங்களைக் கேட்டு வருபவர்கள் என்றால் ஆய்வு மாணவர்களும் வழக்கறிஞர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். இன்னொரு தரப்பும் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் முன்பு நடக்கும் காதல் கதைகளை எழுதி, எந்தப் பதிப்பகத்தையும் சாராமல் தாங்களே நூலாக வெளியிடும் எழுத்தாளர்கள். உங்கள் இதழின் பழைய பக்கங்கள் அவர்களுக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

கிராமபோன், மைப்பேனா, கறுப்புத் தொலைபேசி என்று சில சாமான்களைக் கதைக்குள் வைத்துவிட்டால் பழைய காலம் வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். வராது. காதலர்களைப் பிரிக்கும் தடை அந்தக் காலத்துக்கே உரியதாக இருந்தால்தான் கதை நிற்கும். அன்றைய வெளியூர்த் தொலைபேசி அழைப்பான டிரங்க் காலைப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு கட்டணம். இணைப்பக ஊழியரின் காதுக்கு எட்டாது என்று நம்பி எதுவும் பேச முடியாது. இவ்வளவும் தெரிந்த எழுத்தாளருக்கு அந்த ஓர் அழைப்பே முழு அத்தியாயம் ஆகும். மணமான பெண்ணை வேலையிலிருந்து விலக்கும் விதி பிரிட்டனின் உள்நாட்டு அரசுப் பணியில் 1946 வரையும், அயர்லாந்து அரசுப் பணியில் 1973 வரையும் இருந்தது. சொந்தச் சம்பளத்தில் குடும்பத்தைத் தாங்கும் ஒருத்தி காதலனுக்கு ஏன் பதில் எழுதவில்லை என்பதற்கு, வில்லன் யாரும் இல்லாமலே வலுவான காரணம் இங்கே கிடைக்கிறது.

பொருள்களில் நேரும் பிழைகள் சிறியவைதான். ஆனால் இந்த வகைக் கதைகளைத் தேடிப் படிக்கும் வாசகர் அவற்றை மன்னிப்பதில்லை. பால்பாயிண்ட் பேனா கடைகளில் பரவலாக வந்தது 1945-க்குப் பிறகு. 1935-இல் மைப்பேனாவால் எழுதிய கடிதத்தில் கண்ணீர் பட்டால் மை கரையக்கூடும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். நீண்டு ஓடும் எல்.பி. தட்டு வந்தது 1948-இல். ஆகவே 1938-இல் நடக்கும் நடனக் காட்சியில் யாராவது எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளியே காட்சிக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. சட்டைப்பையில் அடங்கும் டிரான்சிஸ்டர் வானொலி 1954-க்கு முன்பு விற்பனைக்கு வரவில்லை.

பதிப்பகத்துக்கு எழுதுபவருக்கு இதையெல்லாம் கேள்வி கேட்க ஒரு பதிப்பாசிரியர் இருப்பார். தானே வெளியிடுபவர் கூலி கொடுத்து அமர்த்தும் மெய்ப்புத் திருத்துநர் சந்திப்பிழையைப் பார்ப்பாரே ஒழிய, 1938-இல் எல்.பி. தட்டு ஓடுவதைக் கவனிக்க மாட்டார். மின்நூல் கோப்பைப் பின்னால் திருத்தி மாற்றிவிடலாம். விற்றுப்போன அச்சுப் பிரதிகளையும் அவற்றைப் படித்தவர் எழுதிய மதிப்புரைகளையும் மாற்ற முடியாது.

இந்த இடத்தில்தான் நாளிதழ் வேண்டியிருக்கிறது. கதை நடக்கும் காலத்திலிருந்து ஏதோ ஒரு நாள் இதழை எடுத்துப் பார்த்தால் போதாது. தொடர்ச்சியாக இரண்டு வார இதழ்களையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். தலைப்புச் செய்தியைவிட வரி விளம்பரங்களில் அதிகம் கிடைக்கும்: வாடகை, சம்பளம், எந்த வேலைக்கு மணமாகாதவர்களை மட்டும் கேட்டார்கள், எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, தொலைந்த பொருளுக்கு என்ன சன்மானம் அறிவித்தார்கள். பெரிய விளம்பரங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். அவை காட்டுவது அன்று புதிதாக வந்த சரக்கு. 1955-இல் நடக்கும் கதையில் ஒரு நடுத்தர வீட்டுச் சாமான்களில் பாதியாவது பத்துப் பதினைந்து ஆண்டுப் பழையதாக இருக்கும். விளம்பரத்தைப் பார்த்து வீட்டை நிரப்பினால் அது கடைக் கண்ணாடிப் பெட்டிபோல் ஆகிவிடும்.

உரையாடலுக்குத் தலையங்கத்தை நம்பக் கூடாது. அந்த நடையில் வீட்டில் யாரும் பேசியதில்லை. வாசகர் கடிதங்களும் கேலிச்சித்திரங்களுக்குக் கீழே உள்ள வரிகளும் பேச்சுக்குச் சற்று அருகில் வரும்.

எழுதத் தொடங்கும் முன்பே தேதி, கிழமை, நிலவு, கடிதம் எழுதிய நாள், அது போய்ச் சேர்ந்த நாள் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்வது நல்லது. 1950 பிப்ரவரி 14 செவ்வாய்க்கிழமை. அதை ஞாயிற்றுக்கிழமை மாலைச் சந்திப்பாக எழுதிவிட்டால் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். 1950-இன் நாட்காட்டியும் 2023-இன் நாட்காட்டியும் கிழமைக்குக் கிழமை ஒன்றே. நிலவின் நிலை 19 ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே தேதியில் திரும்ப வரும். ஒரு நாள் முன்பின் இருக்கலாம். இப்படிக் கணக்குப் போட்ட பிறகும், அன்றிரவு வானம் தெளிவாக இருந்ததா, மழை கொட்டியதா என்பது அந்த ஊர் நாளிதழைப் பார்த்தால்தான் தெரியும்.

உரிமை விஷயத்திலும் தெளிவு வேண்டும். விலை, நேரம், வானிலை போன்ற தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. அச்சான வாக்கியங்களுக்கும் படங்களுக்கும் உண்டு. பழையது என்பதாலேயே அது முடிந்துவிடாது. பழைய கடிதக் கட்டு ஒன்று கைக்கு வந்தாலும், அவற்றின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவருக்கோ அவருடைய வாரிசுக்கோ உரியது. காகிதத்தை வைத்திருப்பவர் அதை அப்படியே நாவலில் எடுத்துப் போட முடியாது. அட்டைக்குப் படம் தேடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாளிதழில் அச்சான புகைப்படம் புள்ளிகளால் ஆனது. அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் அலையலையாகக் கோடுகள் விழும். அட்டைக்கு அச்சளவில் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரமும், அச்சான பின் வெட்டுவதற்காக ஓரங்களில் 3 மி.மீ. கூடுதலும் தேவை. மூலப் புகைப்படத்திலிருந்து எடுத்தால்தான் அது கிடைக்கும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. பழைய இதழ்களைத் தேதிவாரியாக, முழுப் பக்கப் படங்களாகக் கொடுங்கள். சொல் தேடும் வசதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா, னா வடிவங்களில் எழுத்துணரி மென்பொருள் இன்னும் தடுமாறுகிறது, பக்கம் கையில் இருந்தால் கண்ணால் படித்துக்கொள்வோம். ஆண்டுச் சந்தாவோடு ஒரு வாரத்துக்கான கட்டணமும் இருக்கட்டும். ஒரு நாவலுக்கு அதுவே போதும். புகைப்படத்துக்கும் மேற்கோளுக்கும் அனுமதி கேட்க வேண்டிய முகவரியையும் கட்டண விவரத்தையும் ஒரே இடத்தில் வெளியிடுங்கள். நாளிதழ்த் தாள் ஆண்டுக்கு ஆண்டு மஞ்சளித்து நொறுங்கிக்கொண்டிருக்கிறது என்பதால், எல்லாவற்றையும் ஒருசேரச் செய்ய முடியாவிட்டாலும் மிகப் பழைய தொகுதிகளிலிருந்து தொடங்குங்கள். செய்திகளை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு வரி விளம்பரப் பக்கங்களையும் இணைப்பிதழ்களையும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தாங்களே நூல் வெளியிடும் எழுத்தாளர்கள் சிலர்