ரிப்போட்டில் வராத களைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

உடம்பின் கலங்களுக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சிறு துணுக்குகளைக் கண்டுபிடித்த விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தி, தீராத களைப்பு நோயோடு ஒருவரை வைத்திருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஏன் முக்கியம் என்று எழுத விரும்புகிறேன்.

என் தங்கச்சி மட்டக்களப்பின் படுவான்கரையில் முன்பள்ளி ஆசிரியை. டெங்குக் காய்ச்சல் வந்து சுகமான பிறகும் பழைய உடம்பு அவளுக்குத் திரும்பவில்லை. இன்றைக்கு உடுப்புத் தோய்த்தால் நாளைக்கு எழும்ப ஏலாது. கைகால் உளைவு. எவ்வளவு நித்திரை கொண்டாலும் களைப்புத் தீராது, படிப்பிக்கிற பிள்ளைகளின் பெயரே மறந்துபோகும். தைரொயிட், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஈ.எஸ்.ஆர்., எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. என்று எல்லா இரத்தப் பரிசோதனையும் செய்தோம். ஒன்றிலும் குறை இல்லை. "ஒரு வருத்தமும் இல்ல, கலியாணத்தக் கட்டி வைங்க" என்றார் ஒரு டொக்டர். ஊரில் சிலர் பஞ்சி பிடித்தவள் என்றார்கள். நூலும் கட்டிப் பார்த்தோம்.

எங்கள் பெரியம்மாவுக்கு மூட்டுவாதம். அவவின் ரிப்போட்டில் அந்த நோயைக் காட்டும் ஆன்டி சி.சி.பி. கூடியிருந்தது. அதன்பிறகு அவவின் நோவை யாரும் சந்தேகப்பட்டதில்லை. கிளினிக் கொப்பி கிடைத்தது, மருந்து கிடைத்தது, சபையில் கதிரையும் கிடைத்தது. தங்கச்சிக்குக் காட்ட அப்படி ஒரு கடதாசி இல்லை.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது, மரபணு எழுதப்படும் எழுத்துக் கணக்கில் ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள சிறு துணுக்கு. இன்ன புரதத்தைச் செய் என்று மரபணுவிலிருந்து வரும் செய்தியில் இது போய் ஒட்டிக்கொண்டால் அந்தப் புரதம் உருவாவது குறையும். நோயெதிர்ப்புக் கலங்களின் வேலையையும் இவை கட்டுப்படுத்துகின்றன. இரத்தத்திலும் சிதையாமல் ஓடுவதால் அளந்து பார்க்கலாம். மிர்-146ஏ என்ற ஒன்று மூட்டுவாதக்காரரிடம் கூடியும், எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயாளரிடம் குறைந்தும் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

தங்கச்சியைப் போன்றவர்களை வாட்டும் நாட்பட்ட களைப்பு நோயிலும் இதைத் தேடுகிறார்கள். கனடாவின் மொன்றியலில் செய்து 2020இல் வெளியான ஆய்வு என் மனதில் நிற்கிறது. நோயாளரின் கையில் காற்றுப் பட்டியைக் கட்டி, விட்டு விட்டு அமுக்கி, உடம்புக்குச் சிறு அலுப்பைக் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்தார்கள். 11 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் வித்தியாசம் தெரிந்தது. ஆள் வேலை செய்த பிறகுதான் இந்த நோய் விழுத்தும். ஆறுதலாக இருக்கும்போது எடுத்த இரத்தத்தில் அது எப்படித் தெரியும்? தங்கச்சியிடம் இதை வாசித்துக் காட்டினேன், அழுதுவிட்டாள்.

ஆனாலும் இது இன்னும் ஆஸ்பத்திரிக்கு வந்த பரிசோதனை இல்லை. ஆய்வுகள் சிறியவை, ஒன்றின் முடிவு மற்றதோடு முழுதாகப் பொருந்துவதுமில்லை. இரத்தம் எடுக்கும்போது செங்கலங்கள் உடைந்தாலே அளவு மாறிவிடும். யாராவது இப்போதே செய்து தருகிறோம் என்று காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

அதுவரை எங்கள் வைத்தியர்களிடம் கேட்பது இதுதான். 2015இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் இந்த நோயின் அடையாளங்களை வரையறுத்துவிட்டது: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட களைப்பு, உழைப்புக்குப் பின் மோசமாவது, தூங்கியும் தீராத அலுப்பு, இவற்றோடு மறதி அல்லது எழுந்து நின்றால் தலைசுற்று. தைரொயிட், இரத்தசோகை போன்றவற்றைப் பார்த்து விலக்கிவிட்டு, இவற்றைக் கேட்டே நோயைச் சொல்லலாம். "நட, ஓடு, எல்லாம் சரியாகும்" என்று தள்ளாதீர்கள். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இங்கிலாந்தில் வைத்தியர்களுக்கான வழிகாட்டி 2021இல் கைவிட்டுவிட்டது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பிப்பவர்கள் டெங்குவுக்கும் கொரோனாவுக்கும் பிறகு இப்படி விழுந்தவர்களைக் கணக்கெடுக்கத் தொடங்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களின் இரத்தமும் இந்த ஆய்வுகளில் சேரட்டும். தங்கச்சி தரச் சம்மதித்திருக்கிறாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிகுடி