நாலாவது மூலை பிழையில்லை

எங்கள் வாரவிறுதித் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கும் கண்காட்சி நடுவர்களுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை ‘இடைக்காலக் கோட்டைகள்’ கண்காட்சியில் நடந்தது உங்களுக்கே தெரியும். என் மகளின் அட்டைக் கோட்டையில் நீங்கள் ஒட்டிய சீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். “மூன்று மூலை சதுரம், ஒன்று உருண்டை. கவனம் போதாது.” அந்த வரியைத் தயவுசெய்து நீக்குங்கள்.

அவள் செய்தது ரோச்செஸ்டர் கோட்டை. இங்கிலாந்தில் நாம் இருக்கும் இதே கென்ட் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ரயில் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். 1127 வாக்கில் கட்டத் தொடங்கிய அந்தப் பெருங்கோபுரத்துக்கு முதலில் நாலு மூலையும் சதுரம்தான். 1215இல் ஜான் மன்னர் முற்றுகையிட்டபோது தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மர முட்டுக் கொடுத்து, 40 பன்றிகளின் கொழுப்பை வைத்துக் கொளுத்தினார்கள். முட்டு எரிந்ததும் மூலை சரிந்தது. ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் திரும்பக் கட்டியபோது அந்த மூலையை மட்டும் உருண்டையாக எழுப்பினார்கள். சதுர மூலையில் கல்லைப் பெயர்ப்பது சுலபம். அதன் அடியில் ஒண்டி நிற்பவனை மேலேயிருந்து பார்ப்பதும் கஷ்டம். வளைந்த சுவரில் எதிரிக்கு அந்த வசதி குறைவு. கோட்டை கட்டும் முறை மாறிய கதையை ஒரே கட்டடத்தில் பார்க்க, அந்த மூலை போதும்.

அதற்காகத்தான் மூலையடியில் ஒரு களிமண் பன்றியும் வைத்திருந்தாள். உங்களில் ஒருவர், “இது என்னம்மா, பண்ணையா?” என்று சிரித்தாராம். அவள் வாய் திறப்பதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டாராம். அன்று இரவு கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். “அம்மா, இதையும் சதுரமா வெட்டட்டுமா?” மூன்று வாரம் பசையில் ஊறிய விரல்கள்.

முதல் பரிசு நீலக் கூம்புக் கூரையும் மினுமினுப்புத் தூளுமாக இருந்த நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு. செய்த பிள்ளைமேல் குறையில்லை, அழகாகத்தான் செய்திருந்தான். ஆனால் அது ஜெர்மனியில், பவேரியா மன்னர் ஒருவர் 1869இல் ஆசைக்குக் கட்டத் தொடங்கிய மாளிகை. லண்டனில் அப்போது சுரங்க ரயிலே ஓடிக்கொண்டிருந்தது. நம் நடுவர்களின் இடைக்காலம் கொஞ்சம் நீளம் போலிருக்கிறது! மண்மேட்டில் மரக்கோபுரம் வைத்த இன்னொரு பையனுக்கு “முடிக்கவில்லை” என்று எழுதினீர்கள். 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் அதன்பிறகு இங்கே அவசர அவசரமாகப் போட்ட கோட்டைகள் பலவும் அப்படித்தான் இருந்தன. உண்மையில் முடியாமல் நின்றது, வேல்ஸில் 1295இல் தொடங்கிய போமாரிஸ் கோட்டை. மதிலுக்குள் மதிலாக அருமையாகத் திட்டமிட்டும் கடைசியில் காசில்லை. அதை யாராவது செய்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்களோ!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். சனிக்கிழமைதோறும் சம்பளமில்லாமல் வந்து உழைக்கிறீர்கள், அதை மறக்கவில்லை. பரிசை மாற்றச் சொல்லவும் இல்லை. அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு, நாலாவது மூலை சரிதான் என்று உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். கோட்டை இன்னும் காரின் பின்னால்தான் இருக்கிறது. வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன், பன்றியோடு.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா