பாட்டில் எத்தனை ‘நான்’? பொருள் விளக்கச் சுற்று நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ்ப் பாட்டுப் போட்டி நடுவர்களுக்கு, வணக்கம்.

அடையாளத் திருட்டை, அதாவது ஒருவர் பெயரில் இன்னொருவர் கடன் வாங்குவது போன்ற மோசடியைப் பற்றிய பாட்டைப் பாடிவிட்டு, ‘நாம் தாய்மொழியை இழந்ததைச் சொல்கிறது’ என்று பிள்ளைகள் பொருள் சொன்னால் முழு மதிப்பெண் விழுகிறது. எந்தப் பாட்டுக்கும் இதே விடைதான். இதை மாற்றுங்கள்.

1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த நம் முன்னோருக்கு ஆளுக்கோர் எண் கொடுத்து, பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அது சிதைப்பு, திருட்டல்ல. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவர் உலவவில்லை. மாடு களவுபோனால் தொழுவம் காலியாகும். பெயர் களவுபோனால் நம்மிடமும் இருக்கும், திருடனிடமும் இருக்கும். ஆகவே பாட்டில் எத்தனை ‘நான்’ என்று முதலில் பாருங்கள். தமிழில் எழுவாய் மறைந்தே நிற்கும். வினைமுற்றைத்தான் பிடிக்க வேண்டும். பல்லவியில் ‘தொலைந்தேன்’ என்பவர் பறிகொடுத்தவர். சரணத்தில் ‘வாங்கினேன், கையெழுத்திட்டேன்’ என்பவன் திருடனாக இருக்கலாம். இரண்டையும் ஒரே வாயில் போட்டால் பாட்டு வெறும் தத்துவப் புலம்பல்.

‘எண்’ என்று வந்ததும் ‘நினை’ என்ற பொருளுக்குத் தாவ வேண்டாம். இந்நாட்டில் அது 13 இலக்க அடையாள எண்ணாக இருக்கலாம்: முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 4 ஆணா பெண்ணா, 11ஆவது குடியுரிமை, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. பிறந்தநாள் தெரிந்தாலே முதல் 6 கைக்கு வந்துவிடும். சரணத்தில் பிறந்தநாள் வாழ்த்து வந்தால், அது இனிப்புக்காக வைத்ததல்ல.

‘தாலி ஏறாத கல்யாணம்’ என்ற வரியை உருவகம் என்று தள்ளிவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவனோடு தன் பெயரில் திருமணம் பதிவாகியிருப்பதை ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகத்தில் நின்றபோதுதான் அறிந்த பெண்கள் இங்கே உண்டு. ஆங்கில ‘எம்’ (M) எழுத்தோடு அடையாள எண்ணைச் சேர்த்து 32551க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் திருமணப் பதிவு நிலை தெரியும். இது தெரிந்த பிள்ளை அந்த வரியை வேறு குரலில் பாடும்.

உருவகம்தான் வேண்டுமென்றால் தமயந்தி இருக்கிறாள். நான்கு தேவர்கள் நளனாக வந்து அமர்ந்தபோது, கண் இமைக்கிறதா, கால் நிலத்தில் படுகிறதா, மாலை வாடுகிறதா என்று மூன்றையும் பார்த்தாள். கையெழுத்தை மட்டும் பார்த்துக் கடன் தருகிறவர்களைவிடக் கெட்டிக்காரி.

பொருளுக்கு 10 மதிப்பெண் என்றால் பேசுவது யார் என்பதற்கு 4, திருடுபோனது எது என்பதற்கு 3, அது எப்படித் தெரியவந்தது என்பதற்கு 2 கொடுங்கள். மொழி இழப்புக்கு மீதி 1 போதும்.

இப்படிக்கு,
தமிழும் பாட்டும் கற்பிப்போர் சிலர்